ஏதோ தவறு நேர்ந்துவிட்டது

இரண்டே முக்காலுக்குப் போன் அலறியது.
பெல்லந்தூரில் மழை.
கண்ணாடியைத் தேடாமலே லேப்டாப்பைத் திறந்தேன்.
நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்ததுபோல்
திரையெங்கும் சிவப்புப் புள்ளிகள்.

வங்கி பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் விஷயம்.
பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று
நாங்கள்தான் எழுதி வைத்திருந்தோம்.
கேட்டார்கள். எல்லோரும். ஒரே நொடியில்.
மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவன் வாசலில்
நாற்பதாயிரம் பேர் நின்று தட்டினால்
எப்படி எழுந்து வருவான்?

"பிரேக்கரைத் திற" என்றான் தேபோஜித், தூக்கக் குரலில்.
திறந்தேன்.
திறந்தால் ஓட்டம் நின்றுவிடும்.
திறப்பதற்கு மூடுவது என்று பொருள்,
இந்தத் தொழிலில் இப்படிச் சில.

பிறகு வங்கிக்கு ஒரே ஒருவரை அனுப்பினோம்,
ஒருக்களித்த கதவு வழியாக,
உயிரோடிருக்கிறதா பார்த்து வா என்று.
இருந்தது.
அப்புறம் பத்துப் பேர்.
மற்றவர்களுக்குச் சொன்னோம்:
ஒரு நொடி பொறு, அடுத்து இரண்டு, நான்கு, எட்டு,
அதிலும் தாயம் உருட்டி
ஆளுக்கொரு கணம் முன்னே பின்னே வா.
சில்க் போர்டு சிக்னலுக்கு
இதை யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

மூன்றே முக்கால். எல்லாம் பச்சை.
"சர்வீஸ் பிழைத்துக்கொண்டது" என்று குழுவில் எழுதினேன்.
பிழை, பிழைத்தல், பிழைப்பு:
ஒரே வேரில் மூன்றையும் கட்டிப்போட்டவன்
ராத்திரி டியூட்டி பார்த்தவனாக இருக்கவேண்டும்.
தேபோஜித் கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.
சும்மா, டெட் லெட்டர் வரிசையை எட்டிப் பார்த்தேன்.
எத்தனை முறை முயன்றும் போய்ச் சேராதவை
வந்து கிடக்கும் இடம்.
அதன் அலாரத்தை யாரோ ஊமையாக்கியிருந்தார்கள்.
நாற்பத்தொன்று.
முதலாவதற்குப் பத்தொன்பது நாள் வயது.

ஓட்டுநர்: ஆரோக்கியதாஸ். ஆட்டோ. சிவாஜிநகர்.
தரவேண்டியது: அறுநூற்று நாற்பது ரூபாய்.
காரணம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

காரணத்தை யார் விழுங்கியது?
கோப்பு கோப்பாக இறங்கிப் போனேன்.
பிழை வந்தால் பிடி என்று ஒரு வரி,
பிடித்த கைக்குள் வெறுமை.
இரண்டு வளைவு அடைப்புகள், நடுவில் ஒரு குறிப்பு:
"பிறகு பார்க்கலாம்."
எழுதியது யார் என்று கேட்டேன்.
என் பெயரைச் சொன்னது.
நான்கு வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஆறு ஐம்பது.
ஐநூறு டி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பேன்.

அவர் பொத்தானை அழுத்திய தடங்கள் இருந்தன. பதினேழு.
முதலில் அடுத்தடுத்து மூன்று.
ஐந்து நிமிடம் கழித்து. ஒரு மணி கழித்து.
மறுநாள் விடியலில், முதல் சவாரிக்கு முன்னால்போல.
இரண்டு நாள் விட்டு ஒருமுறை.
இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்,
யாரும் எழுதிக் கொடுக்காமல்.
ஆறாம் நாளோடு தடம் நின்றுபோகிறது.

பதினேழு முறையும் அவர் படித்தது
தமிழில் வேண்டும் என்று கேட்டபோது
பெருமையோடு நான் தட்டிக் கொடுத்த வாக்கியம்.
"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சற்று நேரம் கழித்து முயலவும்."
ஏதோ.
நேர்ந்துவிட்டதாம், மழை பெய்துவிட்டது என்பதுபோல.

பணத்தை அனுப்பினேன்,
எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு தடவையே போகும்படி
எண் ஒன்றைக் கட்டி.
போயிற்று என்றது.
பிறகு அந்த வாக்கியத்தை அழித்து எழுதினேன்:
"உங்கள் பணம் எங்களிடம் நிற்கிறது. தவறு எங்களுடையது."
காலையில் சொல்வார்கள், நீளம், பெட்டியில் அடங்காது என்று.

காபி போடப் போனால் பால் திரிந்திருந்தது.
கறுப்பாகவே குடித்தேன்.
மழை விட்டிருந்தது.
இன்னும் நாற்பது.
அடுத்தவர் பெயர் ருக்கையா பானு,
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்,
காரணம்